ஏழாம் அத்தியாயம்: ஓடைக்கரைக்கு வாடகை

ஓடையோரமாக மரம் நடலாமா என்று ஒரு விவசாயியிடம் கேட்டால், அவர் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, “எவ்வளவு இடம் போகும்?” பதிலைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். 500 அடி நீளக் கரையில் 35 அடி அகலத்துக்குப் பட்டை விட்டால் 40 சென்ட் போகும். ஒரு மைல் நீளத்துக்கு நாலேகால் ஏக்கர். அகலம் 100 அடியானால் அதே ஒரு மைலுக்கு 12 ஏக்கர். இரண்டு கரையும் அவருடையதுதான் என்றால் இரண்டால் பெருக்கிக்கொள்ள வேண்டியது. அடுத்த கேள்வி, “அதற்கு எனக்கு என்ன கிடைக்கும்?” இந்த அத்தியாயம் அந்த இரண்டாவது கேள்விக்கானது.

வயலுக்கும் ஓடைக்கும் நடுவே புல்லும் புதரும் மரமுமாக ஒரு பட்டையை விட்டுவைக்க விவசாயிக்குப் பணம் கொடுக்கும் திட்டங்கள் பல நாடுகளில் உண்டு. நாம் பெரும்பாலும் ஒன்றையே பின்தொடரப் போகிறோம். அமெரிக்காவின் கிழக்குக் கரையில், செசபீக் விரிகுடாவில் வந்து விழும் ஆறுகளின் கரைகளில் 1997 முதல் நடந்துவரும் திட்டம் அது. முழு வெற்றி பெற்ற திட்டம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் கால் நூற்றாண்டுக்கு மேலாகப் பணம் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். எங்கே பலித்தது, எங்கே வீணானது என்று எழுதியும் வைத்திருக்கிறார்கள். வழிகாட்டி நூலுக்கு அது போதும்.

மேலே இழப்பவர், கீழே பெறுபவர்

செசபீக் நீர்ப்பிடிப்புப் பகுதி ஆறு மாநிலங்களில் பரந்து கிடக்கிறது. 64,000 சதுர மைல்; தமிழ்நாட்டைவிடப் பெரிது. விரிகுடாவுக்கு வரும் நன்னீரில் ஏறக்குறையப் பாதியை சஸ்குவெஹானா என்ற ஒரே ஆறு கொண்டுவருகிறது. அதன் படுகையில் பெரும்பகுதி பென்சில்வேனியாவில் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், பென்சில்வேனியாவுக்கு அந்த விரிகுடாவில் ஓரடிக் கரைகூடக் கிடையாது. அந்த மாநிலத்து லங்காஸ்டர் மாவட்டத்தின் பால்பண்ணைச் சாணமும் மக்காச்சோள வயலின் உரமும் மழையில் கரைந்து ஓடையில் இறங்கி, கீழே போய்ப் பாசியாகப் பெருகுகின்றன. பாசி செத்து அழுகும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. நண்டும் சிப்பியும் குறைவதைப் பார்ப்பவர்கள் மேரிலாந்திலும் வர்ஜீனியாவிலும் உள்ள மீனவர்கள்.

ஆக, 40 சென்ட்டை இழப்பவர் மேலே இருக்கிறார். பலன் பெறுபவர் கீழே இருக்கிறார். இருவரும் வாழ்நாளில் ஒருவரையொருவர் சந்திக்கப்போவதில்லை. நடுவில் நின்று கணக்குத் தீர்ப்பதுதான் திட்டம். எனவே கொடுக்கும் பணத்தை மானியம் என்று அழைக்காதீர்கள், அது வாடகை. மானியம் என்றால் கொடுப்பவர் உயரத்திலும் வாங்குபவர் பள்ளத்திலும் நின்று பேசுவார்கள். வாடகை என்றால் இருவரும் ஒரே மட்டத்தில் உட்கார்ந்து பேரம் பேசலாம். பேரம் பேசாமல் எந்த விவசாயியும் நிலத்தை விடமாட்டார், விடவும் கூடாது.

பட்டை என்ன செய்கிறது, என்ன செய்யாது

மேரிலாந்தின் ரோட் ஆற்றுப் படுகையில் மக்காச்சோள வயலையும் அதற்குக் கீழே ஓடையோரம் நின்ற காட்டையும் பீட்டர்ஜான், கோரல் என்ற இரு ஆய்வாளர்கள் அளந்து 1984-இல் முடிவை வெளியிட்டார்கள். தன்னிடம் வந்த தழைச்சத்தில் வயல் தக்கவைத்தது 8 விழுக்காடு. ஓடையோரக் காடு தக்கவைத்தது 89 விழுக்காடு. இந்தத் துறையில் பின்னால் வந்த திட்டங்களுக்கெல்லாம் இது போன்ற அளவீடுகளே அடித்தளம்.

இரண்டு வேலைகள் இரண்டு மட்டத்தில் நடக்கின்றன. தரைக்கு மேலே, வழிந்துவரும் மழைநீரைப் புல் தடுத்து வேகத்தைக் குறைக்கிறது. வண்டல் அங்கேயே படிகிறது. வண்டலோடு ஒட்டிவரும் மணிச்சத்தும் நின்றுவிடுகிறது. தரைக்குக் கீழே, நைட்ரேட் கரைந்த நிலத்தடி நீர் மரவேர்கள் பரவிய ஈர மண்ணினூடே ஓடையை நோக்கிக் கசிகிறது. அந்த மண்ணில் ஆக்சிஜன் குறைவு, மட்கு அதிகம். அங்குள்ள நுண்ணுயிரிகள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடுகின்றன. மேலே நடப்பது கண்ணுக்குத் தெரியும், கீழே நடப்பது தெரியாது. புல் மட்டும் போதுமே, மரம் எதற்கு என்று கேட்பவருக்கு இந்தக் கீழ்மட்ட வேலையைத்தான் விளக்க வேண்டும்.

அமெரிக்க வனத்துறை 1991-இல் ஒரு மாதிரி வரைபடம் வெளியிட்டது. தண்ணீரை ஒட்டி 15 அடிக்கு நாட்டு மரங்கள். அவற்றை வெட்டக் கூடாது. அடுத்த 60 அடிக்கு மரங்கள். அளவோடு வெட்டி விற்கலாம். வயலை ஒட்டிக் கடைசி 20 அடிக்குப் புல். மொத்தம் 95 அடி. அரசுத் திட்டத்தில் மரப்பட்டைக்குக் குறைந்தபட்ச அகலம் 35 அடி. பென்சில்வேனியாவிலுள்ள ஸ்ட்ரௌட் நீர் ஆய்வு மையத்தின் ஸ்வீனியும் நியூபோல்டும் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்து 2014-இல் சொன்னது: ஓடையின் நலத்தை முழுதாகக் காக்க ஒவ்வொரு கரையிலும் 30 மீட்டராவது வேண்டும். அதாவது ஏறக்குறைய 100 அடி.

நூறு அடி கிடைக்காவிட்டால் திட்டமே வேண்டாம் என்று அடம்பிடிக்காதீர்கள். ஆனால் 35 அடி வாங்கிக்கொண்டு 100 அடிக்கான பலனைக் கணக்கெழுதவும் செய்யாதீர்கள். இரண்டையும் செய்கிறவர்களைப் பார்க்க முடிகிறது.

பட்டை தோற்கும் இடங்கள் இரண்டு உண்டு. அவற்றைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு டாலரையும் செலவழிக்கக் கூடாது. முதலாவது, தண்ணீர் வயல் முழுதும் பரவி வருவதில்லை. பள்ளம் பார்த்து ஒரே ஓடுகாலாகத் திரண்டு, பட்டையில் ஒரு பத்தடி இடத்தைக் கிழித்துக்கொண்டு இறங்கிவிடும். மீதிப் பட்டை முழுதும் வறண்டு நிற்கும். அப்படிப்பட்ட ஓடுகாலில் வயலுக்குள்ளேயே புல்வாய்க்கால் அமைத்துத் தண்ணீரைப் பரப்பிவிட வேண்டும்.

இரண்டாவது, மண்ணுக்கடியில் வடிகுழாய் பதித்த வயல். அயோவா போன்ற சமவெளி மாநிலங்களில் நிலத்தின் ஈரத்தை வடிக்க மூன்று நான்கு அடி ஆழத்தில் குழாய் ஓடுகிறது. நைட்ரேட் நீர் அந்தக் குழாய் வழியே பட்டைக்கு அடியில் நுழைந்து நேரே ஓடையில் கொட்டுகிறது. மேலே எவ்வளவு அழகான காடு இருந்தும் பயனில்லை. அயோவாவின் பேர் கிரீக் ஓடையில் 2010-இல் இதற்கு ஒரு மாற்று செய்து பார்த்தார்கள். ஓடையில் கொட்டும் குழாயைப் பட்டையின் விளிம்பிலேயே மறித்து ஒரு மடைப்பெட்டி வைத்தார்கள். அங்கிருந்து ஓடைக்கு இணையாகத் துளைக் குழாய் ஒன்றைப் பதித்து, தண்ணீரைப் பட்டையின் மண்ணுக்குள் பக்கவாட்டில் கசியவிட்டார்கள். அது வேலை செய்தது. சில ஆண்டுகளில் அரசின் அங்கீகரிக்கப்பட்ட முறைகளில் ஒன்றாகவும் சேர்ந்துவிட்டது. கரையில் நடக்கும்போது குழாய் வாய் தெரிகிறதா என்று பார்ப்பது முதல் வேலை. விவசாயியிடமும் கேளுங்கள், அவருடைய தாத்தா பதித்த குழாய் எங்கே ஓடுகிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

பணத்தை எப்படிப் பிரிப்பது

1985-ஆம் ஆண்டு வேளாண் சட்டத்தில் நிலப் பாதுகாப்பு ஒதுக்கீட்டுத் திட்டம் வந்தது. விவசாயி 10 முதல் 15 வருடம் வரை நிலத்தில் பயிர் செய்யாமல் விட்டால் மத்திய அரசு ஆண்டு வாடகை கொடுக்கும். அதன்மேல் மாநில அரசும் பணம் சேர்த்து, ஓடைக்கரை போன்ற முக்கியமான இடங்களுக்குக் கூடுதல் விலை கொடுக்கும் கூட்டு ஏற்பாடு 1997 அக்டோபரில் மேரிலாந்தில் தொடங்கியது. ஒரு லட்சம் ஏக்கர் அதன் இலக்கு. நாட்டிலேயே அதுதான் முதல். பென்சில்வேனியாவும் வர்ஜீனியாவும் 2000-இல் சேர்ந்தன.

விவசாயி கையில் வரும் பணம் பல வாய்க்கால்களில் வருகிறது. முதலாவது, ஆண்டு வாடகை. அந்த மாவட்டத்தில் அதே வகை மண்ணுக்கு மானாவாரிக் குத்தகை என்ன போகிறதோ அதை அடிப்படையாக வைத்து, ஓடைக்கரை என்பதற்காக மேலே ஒரு விழுக்காடு கூட்டுகிறார்கள். அடுத்தது, நடவுச் செலவில் பங்கு: கன்று, குழாய், வேலி, கால்நடைக்கு மாற்றுத் தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றிலும் பாதியை மத்திய அரசு ஏற்கிறது, மீதியில் பெரும்பகுதியையோ முழுவதையுமோ மாநிலமும் தனியார் அமைப்புகளும் ஏற்கின்றன. பிறகு, கையெழுத்துப் போட்டவுடன் ஒருமுறை கிடைக்கும் ஊக்கத்தொகை. இது சின்னத் தொகைதான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் காதில் விழுவது இதுதான்.

இந்த மூன்றிலும் எல்லாரும் சண்டை போட்டுக் கூட்டுவது முதல் இரண்டை. எல்லாரும் மறப்பது நான்காவதை: நட்ட பிறகு வரும் மூன்று நான்கு வருடப் பராமரிப்பு. என்னைக் கேட்டால், மொத்த வரவு செலவுத் திட்டத்தில் முதலில் எழுத வேண்டிய வரி அதுவே. ஏன் என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

வாடகையை எவ்வளவு வைப்பது? கரையோரத்து நிலம் எல்லா இடத்திலும் ஒரே தரம் கிடையாது. ஓடை வளைவில் வெள்ளம் ஏறும் மூலைகளில் மூன்று வருடத்துக்கு ஒருமுறை விளைச்சல் போய்விடும். அங்கே மாவட்டச் சராசரி வாடகையே விவசாயிக்கு லாபம். வண்டல் படிந்த சமதளம் அப்படியல்ல, அதுதான் பண்ணையிலேயே நல்ல நிலமாக இருக்கும். சராசரி வாடகைக்கு அதைக் கேட்டால் சிரிப்பார். அதனால் மண் வகைக்கேற்ற விலைப்பட்டியல் வேண்டும். அதோடு, பயிரின் விலை ஏறினால் வாடகையும் ஏறும் வழி ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். அமெரிக்கத் திட்டத்தில் அது இல்லாமல் போனதன் விலையைக் கடைசிப் பகுதியில் பார்ப்போம்.

தகுதி என்னும் தலைவலி

எந்தப் பணத் திட்டத்திலும் இதுதான் மனஸ்தாபம் வரும் இடம். அமெரிக்க விதிப்படி, பட்டை விடப்படும் வயலில் குறிப்பிட்ட ஆறு வருடங்களில் நான்கு வருடமாவது பயிர் செய்திருக்க வேண்டும். இல்லையென்றால் அது ஓடையோர மேய்ச்சல் நிலமாக இருக்க வேண்டும். விதி நியாயமானதுதான். ஏற்கெனவே காடாக இருக்கும் கரைக்குப் பணம் கொடுத்தால் புதிதாக ஓரடியும் பசுமை கூடாது. ஆனால் தன் மனசாட்சிக்குப் பயந்து இருபது வருடத்துக்கு முன்பே கரையில் மரம் விட்டவருக்கு இந்தக் கணக்கில் ஒரு காசும் கிடையாது. கரைவரை உழுதவருக்குப் பணம். முன்னவர் டீக்கடையில் இதைச் சொல்லும்போது திட்டத்துக்கு வரும் கெட்ட பெயர் சாதாரணமானதல்ல. முழுத் தீர்வு கிடையாது. பழைய பட்டைகளைப் பராமரிக்கச் சிறு தொகையாவது ஒதுக்கி, அவர்களையே முன்மாதிரியாக மற்ற விவசாயிகளை அழைத்துக் காட்டுவது ஓரளவு உதவும்.

அடுத்தது குத்தகை. அமெரிக்க விவசாய நிலத்தில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு குத்தகையில் நடக்கிறது. நிலச்சொந்தக்காரர் நகரத்தில் இருப்பார், உழுபவர் வேறொருவர். வாடகையைச் சொந்தக்காரர் மட்டும் வாங்கிக்கொண்டால் உழுபவருக்கு நிலம் குறையும், வருமானம் போகும். அவர் ஏன் கன்றைப் பார்த்து டிராக்டரைத் திருப்பப் போகிறார்? ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் இருக்க வேண்டும். பங்கும் எழுதப்பட வேண்டும்.

பணத்தையே வாங்காதவர்களும் உண்டு. லங்காஸ்டர் மாவட்டத்தில் ஆமிஷ், மெனோனைட் சமயக் குழுவினர் நிறைய. குதிரை வண்டியில் போய்வரும் இவர்களில் பலர் அரசுப் பணத்தைத் தொடுவதில்லை. நல்ல பால்பண்ணைகள் அவர்களிடம்தான் இருக்கின்றன. அங்கே தனியார் அமைப்புகள் அரசு முத்திரை இல்லாத பணத்தைத் திரட்டி, கன்றும் வேலியும் தாங்களே கொண்டுவந்து வைத்தன. இன்னொரு வழி பால் விலை. டர்க்கி ஹில் பால் நிறுவனம், மேரிலாந்து – வர்ஜீனியா பால் உற்பத்தியாளர் கூட்டுறவு, செசபீக் விரிகுடாவுக்கான கூட்டமைப்பு மூன்றும் சேர்ந்து, நிலப் பாதுகாப்புத் திட்டம் வகுத்து நடத்தும் பண்ணைகளுக்குப் பாலுக்குக் கூடுதல் விலை கொடுக்கும் ஏற்பாட்டைச் செய்தன. அரசிடம் கை நீட்டாதவரும் பாலுக்கு நல்ல விலை வந்தால் வேண்டாம் என்பதில்லை. கூட்டுறவுச் சங்கம் வலுவாக உள்ள இடங்களில் இந்த வழியை முதலிலேயே யோசியுங்கள்.

விவசாயியோடு கரையில் நடப்பது

விண்ணப்பத்தை அலுவலகத்தில் நிரப்பலாம், பட்டையின் கோட்டை அங்கே போட முடியாது. முளைக்குச்சியும் கொடியும் எடுத்துக்கொண்டு, நில உரிமையாளரோடும் உழுபவரோடும் கரை நெடுகப் போங்கள். ஓடை வளைந்து வளைந்து போகும். பட்டையும் அப்படியே வளைந்தால் விதைப்புக் கருவியையும் அறுவடை இயந்திரத்தையும் ஒவ்வொரு வளைவிலும் திருப்ப வேண்டும். ஒரு வருடத்தில் விவசாயி வெறுத்துப்போவார். வயல் பக்கத்து விளிம்பை நேர்கோடாக்குங்கள். வளைவின் மூலைகளில் பட்டை 80 அடியாகும், சில இடங்களில் 35-க்கு வரும். அவருக்கு உழவு சுலபம், உங்களுக்குச் சராசரி அகலம் கூடுதல். கருவியின் அகலத்தைக் கேட்டு, மீதி வயல் அதன் மடங்காக வரும்படி கோடு போட்டால் அவர் உங்களைத் தொழில் தெரிந்தவராக நினைப்பார். அந்த மரியாதை பிறகு பல இடத்தில் உதவும்.

மேய்ச்சல் நிலமென்றால் பேச்சை ஓடையிலிருந்து தொடங்காதீர்கள், மாட்டிலிருந்து தொடங்குங்கள். வெயில் நாளில் மாடுகள் ஓடைக்குள் வயிறு வரை இறங்கி நிற்கும். அங்கேயே சாணம் போடும், அதே தண்ணீரைக் குடிக்கும், அந்தச் சேற்றில் மடி நனையும். மடிநோயும் குளம்பு அழுகலும் அங்கிருந்து வருகின்றன என்பது பால்காரருக்குத் தெரியாததல்ல. வேலி போட்டு, கருங்கல் பரப்பிய ஒரே ஒரு கடவு விட்டு, மேட்டில் சுத்தமான தண்ணீர்த் தொட்டி வைத்துத் தருகிறோம் என்றால் காது கொடுப்பார். விரிகுடாவின் நண்டைப் பற்றி அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

ஒரு பயத்தைச் சிலர் வாய்விட்டே சொல்வார்கள்: மரம் வளர்ந்தால் ஓடை அகலமாகி இன்னும் நிலத்தைத் தின்னும். அது வீண் பயமல்ல. ஸ்ட்ரௌட் மையத்தார் 2004-இல் வெளியிட்ட ஆய்வின்படி காட்டினூடே ஓடும் சிற்றோடைகள் புல்வெளியில் ஓடுபவற்றைவிட அகலமானவை. புல் கரையை உள்நோக்கி நெருக்கிவிடுகிறது. அகலமான ஓடையில் படுகைப் பரப்பு அதிகம், அசுத்தத்தைச் செரிக்கும் உயிர்களும் அதிகம். இதை மறைக்காமல் சொல்லி, கோடு போடும்போதே அதற்கு இடம் விட்டுவிடுங்கள்.

முதல் மூன்று வருடம்

பத்தடிக்குப் பத்தடி இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு 435 கன்று. சிகமோர், சிவப்பு மேப்பிள், ஆற்று பிர்ச், சதுப்பு வெள்ளை ஓக் என்று ஈரம் தாங்கும் நாட்டு மரங்களாகக் கலந்து நடுகிறார்கள். தண்ணீர் விளிம்பில் வில்லோ போத்துகளை அப்படியே ஊன்றிவிடுகிறார்கள். நடும் நாளில் பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள், பத்திரிகைக்காரர் வருவார், படம் வரும். அதற்கு அடுத்த ஜூன் மாதம் யாரும் வரமாட்டார்கள்.

ஒவ்வொரு கன்றையும் சுற்றி ஐந்தடி உயரப் பிளாஸ்டிக் குழாய் நிற்கிறது. மான் வாய்க்கு எட்டாத உயரம். பக்கத்தில் ஓக் மரக் குச்சி நட்டுக் கட்டியிருப்பார்கள். குழாயின் வாயில் ஒரு வலை போடுவார்கள். நீலக்குருவிகள் பொந்து என்று நினைத்து உள்ளே இறங்கி, வழுவழுப்பான சுவரில் ஏற முடியாமல் செத்துப்போவதைத் தடுக்க அந்த வலை. ஆனால் கன்றின் நுனி வலையை எட்டுவதற்கு முன்னால் வலையைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் நுனி அதில் சிக்கிக் கோணிப்போகும். குழாய்க்குள்ளும் அதைச் சுற்றியும் புல் மண்டினால் குளிர்காலத்தில் வயல் எலி அதில் கூடு கட்டி, பனிக்கடியில் கன்றின் பட்டையை வளையமாகக் கடித்துத் தின்றுவிடும். வசந்தத்தில் தளிர் வராத கன்றின் குழாயைத் தூக்கிப் பார்த்தால் வேர்க்கழுத்தில் வெள்ளையாக ஒரு வளையம் தெரியும். குழாயின் கீழ் விளிம்பை மண்ணுக்குள் ஓரங்குலம் புதைப்பதும், சுற்றிலும் மூன்றடிக்குக் களையில்லாமல் வைப்பதும் இதற்காகத்தான். வெள்ளம் வந்து போனால் பாதிக் குழாய்கள் சாய்ந்து கிடக்கும், ஒவ்வொன்றாய் நிமிர்த்த வேண்டும்.

குழாயும் களைக்கட்டுப்பாடும் சேர்ந்தால் கன்று பிழைப்பதும் வளர்வதும் எவ்வளவோ மேல் என்பதை ஸ்ட்ரௌட் மையத்தார் 2002-இலேயே சோதனை செய்து காட்டிவிட்டார்கள். ஆனால் இந்த வேலைக்கு ஆள் யார்? விவசாயி ஜூனில் வைக்கோலில் இருப்பார், செப்டம்பரில் சோளத்தில் இருப்பார். ஒப்பந்தம் “பராமரிப்பு நில உரிமையாளர் பொறுப்பு” என்று ஒரு வரியில் முடித்துவிட்டால் அந்தப் பட்டை களைக்காடாகும். முள்ரோஜாவும், ஒரு கோடையில் குழாயையே மூடிவிடும் மைல்-எ-மினிட் என்ற கொடியும் பிடித்துக்கொள்ளும். முட்செடி பரவினால் களைச் சட்டப்படி புகார் வேறு. சாலையில் போகும் பக்கத்து விவசாயி அதைப் பார்த்துத் தன் முடிவை எடுத்துவிடுவார்.

எனவே பராமரிப்பை விவசாயி தலையில் கட்டாதீர்கள். மூன்று நான்கு வருடத்துக்கு ஒப்பந்தக் குழு ஒன்றை அமர்த்தி, வருடத்துக்கு இரண்டு முறை புல் வெட்டவும், களை எடுக்கவும், பாடுவாசி நடவும், குழாய் நிமிர்த்தவும், காலம் வந்ததும் கழற்றி எடுத்துப்போகவும் பணம் ஒதுக்குங்கள். விவசாயியே செய்ய முன்வந்தால் அந்தக் கூலியை அவருக்கே கொடுங்கள். மொத்தப் பணம் குறைவென்றால் நடும் ஏக்கரைக் குறையுங்கள், பராமரிப்பைக் குறைக்காதீர்கள்.

பணமா, சட்டமா

மின்னசோட்டா மாநிலம் 2015-இல் சட்டமே போட்டது. பொது நீர்நிலைகளின் கரையில் சராசரி 50 அடி, எங்கும் 30 அடிக்குக் குறையாமல் பட்டை வேண்டும். பொது வடிகால்களுக்கு 16½ அடி. கெடு முறையே 2017, 2018 நவம்பர். விவசாயிகள் கொதித்தார்கள், சலுகை கேட்டார்கள். ஆனாலும் மிகப் பெரும்பாலானோர் இணங்கிவிட்டார்கள். டென்மார்க்கிலும் 10 மீட்டர் பட்டைச் சட்டம் 2012-இல் நடைமுறைக்கு வந்தது. அங்கே எதிர்ப்பு வலுத்து, முதலில் பரப்பைக் குறைத்தார்கள், 2016-இல் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள்.

செசபீக்கில் தன்விருப்பத்தையும் பணத்தையும் மட்டும் நம்பினார்கள். 1996-இல் வைத்த முதல் இலக்கு 2010-க்குள் 2,010 மைல் கரை. அது 2002-லேயே நிறைவேறியது. சுலபமாகச் சம்மதிப்பவர்கள் முதலில் வந்துவிடுகிறார்கள். 2014-இல் வருடத்துக்கு 900 மைல் என்று இலக்கு வைத்தார்கள். அதை எட்ட முடியாமல் பெரும் பின்தங்கலே மிச்சம். குறைந்த அகலத்தைச் சட்டத்தால் நிறுத்தி, அதற்கு மேலே விடும் ஒவ்வோர் அடிக்கும் நல்ல வாடகை கொடுப்பதே உருப்படியான வழி என்பது என் கருத்து.

தமிழ்நாட்டில் இதை முயல நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை மட்டும். இங்கே ஆறும் ஓடையும் வாய்க்காலும் வருவாய்ப் பதிவேட்டில் பெரும்பாலும் புறம்போக்கு. நீங்கள் வாடகை கொடுக்க நினைக்கும் கரை பட்டா நிலமா, புறம்போக்கில் ஏறி உழுத இடமா என்பதை அ-பதிவேட்டையும் புல வரைபடத்தையும் வைத்து அளந்து பார்த்த பிறகே பேச்சைத் தொடங்குங்கள். அளக்காமல் கொடுத்தால் ஆக்கிரமிப்புக்கு வாடகை கொடுத்ததாக முடியும். கரையில் ஏற்கெனவே சீமைக்கருவேலம் நின்றால் அதை அகற்றும் செலவு தனி.

ஒப்பந்தம் முடியும் நாள்

2005 வாக்கில் அமெரிக்காவில் மக்காச்சோளம் புஷல் என்ற அளவுக்கு 2 டாலர். 2012 வறட்சியில் 7 டாலரைத் தாண்டியது. வாடகை பழைய கணக்கிலேயே நின்றது. நாடு முழுதும் ஒதுக்கீட்டுத் திட்டத்தில் இருந்த நிலம் 2007-இல் 3.68 கோடி ஏக்கர். பிறகு ஒப்பந்தம் முடிய முடியப் பலரும் புதுப்பிக்காமல் உழத் தொடங்கினார்கள். 2014 சட்டம் உச்சவரம்பையே 2.4 கோடியாகக் குறைத்தது. போனவற்றில் பெரும்பாலானவை முழு வயல்கள். மரம் வளர்ந்த பட்டையைப் பிடுங்குவது சிரமம் என்பதால் மரப்பட்டைகள் ஓரளவு தப்பின. புல்பட்டைகள் ஒரே உழவில் காணாமல் போகக்கூடியவை. நிலத்தடி நீர் ஓடைக்கு வந்துசேரவே பல வருடமாகும் இடங்களில், பலன் தெரியத் தொடங்குவதற்குள் பட்டை உழப்பட்டிருக்கும்.

இதைப் பார்த்துத்தான் 2018 வேளாண் சட்டத்தில் 30 வருட ஒப்பந்தம் கொண்டுவந்தார்கள். முதலில் பேரேரிகள் பகுதியிலும் செசபீக்கிலும் மட்டும் திறந்தார்கள். மின்னசோட்டா 2017-இல் தொடங்கிய கூட்டுத் திட்டத்தில் ஒருபடி மேலே போய், 60,000 ஏக்கர் இலக்கோடு நிரந்தர உரிமைப் பத்திரமே எழுதி வாங்கியது. நிலம் விவசாயியுடையதே, உழும் உரிமையை மட்டும் ஒருமுறை விலை கொடுத்து வாங்கிவிடுவது. விற்றாலும் பங்கு பிரித்தாலும் அந்தக் கட்டுப்பாடு நிலத்தோடு போகும். உங்கள் கையில் பணம் இருந்தால் இதைவிட நல்ல முறை இல்லை.

பணம் இல்லாமல் பத்து வருட ஒப்பந்தம்தான் போட முடிகிறது என்றால், ஒவ்வோர் ஒப்பந்தமும் முடியும் தேதியை இன்றே பதிவேட்டில் எழுதிவைத்து, அதற்கு ஒரு வருடம் முன்னால் புதிய வாடகைக் கணக்கோடு அந்த விவசாயியின் வீட்டுக்குப் போங்கள். முடிந்த மறுநாள் போனால் அவர் டிராக்டரில் இருப்பார்.